தவிடு தின்றவள்

என் மகள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

வாய் முழுதாகத் திறந்திருந்தது. நாக்கு நடுங்கியது. முகம் சிவந்து, உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஓர் அழுகைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. சத்தம்தான் இல்லை.

நல்ல உச்சிவேளை. சன்னலுக்கு வெளியே தொழுவத்தில் பசு அசைபோடுவது கேட்டது. வாய்க்காலில் யாரோ துணி துவைப்பது கேட்டது. அடுப்படியில் அரிசி களையும் சத்தம் கேட்டது. என் மடியில் கிடந்தவள் அழுவது மட்டும் கேட்கவில்லை.

அவள் பெயர் சிவகாமி. மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

அரிசி களைந்த ஈரக் கையோடு மதினி அறை வாசலில் வந்து நின்றாள். மதினி என்றால் என் கணவரின் அக்கா, கோமதி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அந்த வீட்டில் அவள் வைத்ததே சட்டம். பிள்ளையின் வாயைப் பார்த்தாள். காதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள்.

"குரல் போயிட்டாட்டி?"

பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள். குரல் போனால் பிறகு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மதினிக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவள் பெற்ற மூன்றும் அப்படித்தான் போயின.

கார்டு போட்டவருக்கு

சென்ற வாரம் என் கல்யாணச் சண்டையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "வயதானவர்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்று கார்டு போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு இன்னொரு கார்டு போடுங்கள். எனக்குக் கோபம் வயதானதால் வந்தது அல்ல. இருபத்திரண்டு வயதிலேயே இருந்தது. அது இருந்ததால்தான் இன்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

நான் வடிவு, திசையன்விளைக்காரி. செம்மண், பனை, காற்று. இவை மூன்றும்தான் எங்கள் ஊர். நெல் கிடையாது. கம்பு, கேழ்வரகு, பயறு, கருப்பட்டி. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் விருந்தாளி. என் அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார்.

கட்டிக் கொடுத்ததோ பத்தமடைக்குப் பக்கத்தில், தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஓர் ஊரில். ஒரு காலத்தில் பெரிய பண்ணை வீடு. என் காலத்தில் வயல் குறைந்து, வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வயல் குறைந்தாலும் வாய் குறையவில்லை. போன முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், "கம்பங்கஞ்சிக்காரி" என்று. இலையில் சோறு போடும்போது, "இது சோறு, தெரியும்லா?" என்று மதினி கேட்பாள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பயந்துகொண்டு சிரித்தேன்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பண்டம்

அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் மூன்றாம் மாதத்தில் செத்தன. வேறு ஊரில் பிறந்த பிள்ளைகள் பிழைத்தன. இதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் யோசிக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்கு எல்லாப் பெண்களும் தாய்வீட்டுக்குப் போவார்கள். நானும் வளைகாப்பு முடிந்ததும் திசையன்விளைக்குப் போனேன். மூத்தவன் அங்கே பிறந்தான், கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தான். மதினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளை அதே தெருவில் அத்தை மகனுக்குக் கட்டியிருந்தார்கள். அவளுக்கு இதுதான் தாய்வீடு. அதனால் மூன்று பிரசவமும் இதே வீட்டில்.

ஆகவே வீட்டின் மேல் பழி. பிரசவ அறை ஆகாது என்றார்கள். கிழக்கு அறையிலிருந்து மேற்கு அறைக்கு மாற்றினார்கள். பறவை தோஷம் என்று தாயத்துக் கட்டினார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். பத்தியத்தில் கை வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. நாற்பது நாள் இருப்பார்கள், முடிப்பார்கள். இங்கே மதினியின் முதல் பிள்ளை செத்ததும், பருப்பு வாயு, அதுதான் பாலில் இறங்கிப் பிள்ளையைக் கொன்றது என்று பருப்பை நிறுத்தினார்கள். இரண்டாவது செத்ததும், கீரையும் காயும் குளிர்ச்சி என்று அவற்றை நிறுத்தினார்கள். மூன்றாவது செத்ததும் பாலும் மோரும் பூண்டும் போயின. நாற்பது நாள் ஆறு மாதமாயிற்று. பிறகு அதுவும் போதாது என்று, வயிற்றில் ஏழாம் மாதத்திலிருந்தே பத்தியம் என்று ஆயிற்று.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பண்டம். பிள்ளை போகப் போக இலை காலியாகிக்கொண்டே வந்தது. என் முறை வந்தபோது இலையில் மிஞ்சியது வெறும் சோறும் மிளகுத் தண்ணீரும் ஒரு சொட்டு நெய்யும்தான்.

அந்தச் சோறாவது சோறாக இருந்ததா? மற்ற நாளில் எல்லோரும் தின்பது புழுங்கலரிசி. பிரசவித்தவளுக்கு மட்டும் பழைய பச்சரிசி. ஆற்றங்கரை மில்லுக்கு அனுப்பி, இரண்டு தடவை தீட்டி, மல்லிகை மொட்டு மாதிரி கொண்டுவருவார்கள். அதை மதினி ஏழு தண்ணீர் விட்டுக் களைவாள். ஏழாவது தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும். வெந்ததும் கஞ்சியை வடித்துவிடுவாள். இலையில் விழுவது பஞ்சு. பார்க்க அழகு. தின்றால் ஒன்றுமில்லை.

களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் எங்கே போயின என்று கேளுங்கள். பசுமாட்டுக்கு. தீட்டிய தவிடு? அதுவும் பசுமாட்டுக்கு. அந்த வீட்டில் மாடுகள் மினுமினுவென்று இருந்தன.

தெருவில் மற்றவர்களும் இதைப் பார்த்துப் படித்தார்கள். பெரிய வீட்டுப் பத்தியம் அல்லவா? அவர்கள் பிள்ளைகளும் செத்தன.

கொழுத்த பிள்ளை

சிவகாமிக்கு முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் மாதத்தில் கொழுகொழுவென்று ஆனாள். பார்க்க வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். கண் பட்டுவிடும் என்று மதினி பிள்ளையை இருட்டறைக்குள் வைத்தாள். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் போடுவதையும் நிறுத்தினாள்.

அது கொழுப்பு இல்லை, வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. அதை நான் பார்த்தேன். வெளியே சொல்லப் பயந்தேன்.

எனக்கும் கால் சரியில்லை. பாதம் மரத்துப் போயிருந்தது. தரையில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று காலுக்குத் தெரியவில்லை. குத்தவைத்து உட்கார்ந்தால் கெண்டைச் சதை கல்லாகிவிடும், எழ முடியாது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பிறகு பிள்ளை பால் குடிக்க மறுத்தாள். குடித்ததைக் கக்கினாள். மூச்சு வேகமாக ஓடியது. அழுகை கம்மியது, கரகரத்தது. ஒரு நாள் உச்சிவேளையில் நின்றேபோயிற்று.

வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். முந்தின ஞாயிறு வந்தபோது, பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா சொல்வதைக் கேள் என்றார். அக்கா சொன்னது, மூன்று மாதம் முடியாமல் பிள்ளை படி தாண்டக் கூடாது என்பது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் எனக்கு அந்த வாரம் ஓர் உபயோகமும் இல்லை.

மருந்துக்கடைப் படம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி வேறு ஒன்று சொல்கிறேன். கதை எங்கேயும் போய்விடாது.

இப்போது எங்கள் தெரு முனை மருந்துக்கடையில் ஒரு வண்ணப் படம் தொங்குகிறது. ஏ, பி, சி, டி என்று நாலு எழுத்து. வைட்டமின் என்று மேலே போட்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் உயிர்ச்சத்து என்று எழுதுகிறீர்கள். கடைக்காரத் தம்பி எனக்கு அதை விளக்க வந்தான். உட்காரப்பா, நான் சொல்கிறேன் என்றேன்.

ஏ எனக்குத் தெரியும். என் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் மணி அடித்ததும் நாலைந்து பிள்ளைகள் ஒருவர் துணியை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வீட்டுக்குப் போவார்கள். விளையாட்டு இல்லை. பொழுது சாய்ந்தால் அவர்களுக்குக் கண் தெரியாது. மாலைக்கண். அப்பா பள்ளிக்கூட வேலியில் நின்ற முருங்கையை ஒடித்து, கீரையை நல்லெண்ணெய் விட்டு வதக்கித் தினமும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார். ஆடு தின்பதை வாத்தியார் எங்கள் பிள்ளைகளுக்குப் போடுகிறார் என்று ஊரில் ஒரே சண்டை. சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் வரிசையை விட்டுவிட்டு ஓடின. மஞ்சள் பூசணி, பப்பாளி, அசைவம் தின்பவர்களுக்கு ஈரல், எல்லாவற்றிலும் அந்த ஏ இருக்கிறதாம்.

சி-யும் தெரியும். குலசேகரன்பட்டினத்தில் தோணி ஓட்டுகிறவர்கள் நெடுநாள் கடலில் கிடந்துவிட்டு இறங்கினால் ஈறு வீங்கி, துப்பினால் ரத்தமாக இருக்கும். ஒரு தோணித் தலைவன் மட்டும் பானை நிறைய எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவான். மசக்கைக்காரன் என்று மற்றவர்கள் அவனைக் கேலி பேசுவார்கள். அவனுடைய ஆட்கள் மட்டும் கரையில் இறங்கியதும் கரும்பைப் பல்லால் கடித்துத் தின்றார்கள்.

டி வெயிலில் இருக்கிறது. வெயில் பட்டால் உடம்பே அதைச் செய்துகொள்கிறது. அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எலும்பு வளைகிறது. அதைத்தான் மதினி கண்ணேறுக்குப் பயந்து நிறுத்தினாள்.

பி-க்குத்தான் நான் தவிடு தின்றேன். கடைக்காரத் தம்பி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். வாங்க வந்தவர்களைக்கூடக் கவனிக்கவில்லை.

தொழுவத்துச் சன்னல்

அந்த உச்சிவேளைக்கு வருகிறேன்.

என் அறைச் சன்னல் தொழுவத்தைப் பார்த்து இருந்தது. தொழுவ வேலைக்குச் சொர்ணம் என்று ஒருத்தி வருவாள். மில்லிலிருந்து தவிடு தூக்கி வருவதும் அவள்தான். வீட்டுக்குள் அவள் வரக் கூடாது. நாலு மாதக் கைப்பிள்ளையைத் தொழுவத்து உத்தரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வாள்.

மதினி திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் சொர்ணத்தின் பிள்ளை அழுதது. அழுகை என்றால் அதுதான் அழுகை. ஓடு பறந்தது. பசு காதை ஆட்டியது. அடுப்படியிலிருந்து மதினி, அந்தச் சனியனை அமர்த்து என்று சத்தம் போட்டாள்.

என் மடியில் ஒரு பிள்ளை வாயைத் திறந்து சத்தமில்லாமல் சாகிறது. பத்தடி தூரத்தில் ஒரு பிள்ளை ஊரைக் கூட்டுகிறது. இதைக் கடவுள் விட்ட வழி என்று நினைக்க என்னால் முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளை மேல் வந்தது, சொர்ணத்தின் மேல் வந்தது, கடைசியில் எனக்கு முன்னால் தட்டில் ஆறிக்கொண்டிருந்த வெள்ளைச் சோற்றின் மேல் வந்தது.

அப்போதுதான் அந்த வாசனை. கருப்பட்டி கருகும் வாசனை. எங்கள் ஊர் வாசனை. எட்டிப் பார்த்தேன். சொர்ணம் மூன்று கல் கூட்டி, உடைந்த பானை ஓட்டில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத்தச் சுடுத?"

அவள் பதறி முந்தானையால் மறைத்தாள். "ஒண்ணுமில்லம்மா. மாட்டுக்கு வச்ச தவிட்டுல ஒரு கை எடுத்து அடை தட்டுனேன். பெரியம்மாட்ட சொல்லிராதீய."

"தினம் இதத்தான் திங்கியா?"

"பின்ன என்னத்தம்மா திங்க? காலையில பழைய சோத்து நீத்தண்ணி. மதியம் இது. நம்ம வயித்துக்கு இது போதும்."

"அத இங்கன கொண்டா."

பத்தியக்காரி கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று அவள் ஓர் அடி பின்னால் போனாள். நான் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டியபடியே நின்றேன். அவள் கொடுத்தாள்.

எனக்கு ஏதோ ஞானம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தவிட்டில் சத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சோற்றைத் தின்றுதான் என் பிள்ளைக்கு இந்த நிலை; சாகத்தான் போகிறாள் என்றால் எனக்கு எதற்குப் பத்தியம்? அவ்வளவுதான் நினைத்தேன். வீம்புக்குத் தின்றேன். முதல் அடை தொண்டையில் மணல் மாதிரி இறங்கியது. இரண்டாவதில் உடம்பு விழித்துக்கொண்டது. பசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. ஐந்து அடை தின்றேன். சொர்ணம் சுட்டுத் தரத் தர வாங்கினேன். கையை நக்கினேன்.

அவள்தான் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். போன மாதம் காய்ச்சல் கண்டு அவளுக்குப் பால் வற்றியபோது, தவிட்டை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கருப்பட்டி கரைத்துத் தன் பிள்ளைக்குச் சங்கில் ஊற்றினாளாம். பயந்து பயந்துதான் சொன்னாள். பெரிய வீட்டுப் பிள்ளை அதைக் குடிக்குமா என்றும் கேட்டாள்.

இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அன்று எனக்கு வேறு வழி இல்லை. இன்று உங்களுக்கு டாக்டர் இருக்கிறார். கைப்பிள்ளைக்கு நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

செத்தால், சாகாவிட்டால்

மூன்றாவது சங்கு ஊற்றும்போது மதினி பார்த்துவிட்டாள். அறைக்குள் தவிட்டுத் தூள். என் வாயில் கருப்பட்டி. சன்னலுக்கு வெளியே சொர்ணம்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"மாட்டுத் தீனியத் திங்கியாட்டி? பிள்ளைக்கும் அதையா ஊத்துத?"

"ஆமா."

"பிள்ள செத்தா ஊரு உன்னத்தான் சொல்லும். பத்தியம் முறிச்சுக் கொன்னுட்டான்னு சொல்லும்."

"சாகாட்டா யாரைச் சொல்லும், மதினி?"

அவள் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. நான் சங்கைக் கீழே வைக்கவும் இல்லை. அந்தக் கையை அவள் இறக்கிய விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பாரத்தை இறக்கிவைப்பது போலப் பைய இறக்கினாள். பிறகு என் தட்டிலிருந்த வெள்ளைச் சோற்றை எடுத்துக்கொண்டு போனாள். கதவை இழுத்துச் சாத்தினாள். நான் இனி அவள் பொறுப்பு இல்லை என்று அர்த்தம்.

நல்லது என்று நினைத்தேன்.

பிள்ளை பாதியைக் கக்கினாள். பாதி உள்ளே போயிற்று. சொர்ணம் வீட்டுக்குப் போகும் முன் இரண்டு செம்பு வடிகட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கழிந்தது.

சத்தம்

விடிந்து பார்த்தேன். மூச்சின் ஓட்டம் குறைந்திருந்தது. உதட்டில் நீலம் இல்லை. மார்பில் வைத்தேன். குடித்தாள். கக்கவில்லை.

நான் மறுபடியும் அடை தின்றேன். சங்கில் ஊற்றினேன். வெயில் ஏறியது.

முதலில் வந்த சத்தத்தைப் பூனை என்று நினைத்தேன். துருப்பிடித்த கீல் திரும்புவது போல ஒரு கிறீச். குனிந்து பார்த்தால் சிவகாமி. வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கிறீச் கொஞ்சம் நீண்டது. உச்சிவேளைக்கு அது கம்மிய அழுகையாயிற்று. சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால், சங்கு வர ஒரு நிமிஷம் தாமதமானதற்கு, என் மகள் கத்தினாள்.

என்ன கத்து தெரியுமா? சொர்ணத்தின் பிள்ளை அரண்டு போய் அதுவும் கத்தியது. இரண்டும் போட்டி போட்டுக் கத்தின. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தால், அது பெரியவர்கள் அழுவதாகத்தான் இருக்கும். இது பிள்ளை அழுவது.

நான் சிரித்தேன். நடுவீட்டில் உட்கார்ந்து, தவிடு அப்பிய வாயோடு, எவள் பார்த்தால் என்ன என்று சத்தமாகச் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. கம்பங்கஞ்சிக்காரி ஜெயித்துவிட்டாள்.

மதினி வந்தாள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப என் மூணுக்கும் இது குடுத்திருந்தா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். நான் சொல்லவில்லை.

"பிழைச்சிருக்கும், மதினி."

அவள் எழுந்து போனாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாளையங்கோட்டைக்குப் போனேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், நான் தின்றதைக் கேட்டார். கிழக்கே சில தீவுகளில் தீட்டிய அரிசி தின்னும் தாய்மார்களின் பிள்ளைகள் இதே போலக் குரல் போய்ச் சாகின்றன என்றும், அங்கேயும் தவிட்டுச் சாற்றைத்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். உடம்பு சோற்றை எரித்துப் பலமாக்க அந்தத் தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று வேண்டும்; அது இல்லாவிட்டால் நரம்பும் இருதயமும் நின்றுபோகும் என்றார். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். இப்போதுதான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெயர் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை. அதுதான் இந்த வைட்டமின்.

மூன்றைத் தின்றவள்

பிள்ளைக்குக் குரல் திரும்பிய அன்றிலிருந்து மூன்று நாள் மதினி அடுப்படிப் பக்கமே வரவில்லை. சாப்பிட்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது. நாலாம் நாள் காலையில் புறப்பட்டாள். எங்கே என்று கேட்டேன். அவள் வாசல் இறங்கி நடந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்; மூன்று மாதக் கணக்கை அவளும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எதிர்ச்சாரியில் நாலாவது வீடு. அங்கே பிரமு என்று ஒருத்தி. இரண்டாவது பிரசவம், ஒரு மாதப் பிள்ளை. அவளுக்கும் எங்கள் வீட்டுப் பத்தியம்தான். நாங்கள் போன நேரம் அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சோறு. மிளகுத் தண்ணீர்.

மதினி நேரே போய்த் தட்டை எடுத்து வாசலில் கொட்டினாள். மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். தவிட்டு அடை. பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் சிறுபயறும் முருங்கைக்கீரையும். எங்கள் அடுப்பில் அவளே ஆக்கியது. நான் பார்க்கவே இல்லை.

பிரமுவின் மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவள் வாய் அந்தத் தெருவில் பெயர் போன வாய்.

"மூணைத் தின்னவ, நீ வந்து எங்க வீட்டுல பத்தியம் சொல்லுதியா?"

அந்தச் சொல்லை மதினிக்குப் பின்னால் ஊரே சொல்லும். முகத்துக்கு நேரே அன்றுதான் ஒருத்தி சொன்னாள். எனக்குக் கை துறுதுறுத்தது. தோளில் பிள்ளை இல்லாவிட்டால் அன்று ஒரு பல் விழுந்திருக்கும்.

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரமுவின் கையைப் பிடித்து அடையை வைத்தாள்.

"ஆமா. மூணைத் தின்னவதான் சொல்லுதேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? தின்னுட்டி."

பிரமு மாமியாரைப் பார்த்தாள், என் தோளிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். சிவகாமி சரியான நேரத்தில் ஒரு சத்தம் கொடுத்தாள். பிரமு அடையைக் கடித்தாள். முடிக்கும் வரை மதினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தினமும் போனாள். மாமியார் ஒரு வாரம் திட்டினாள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். பிரமுவின் பிள்ளைக்கு இரண்டாம் மாதம் முடிந்தது. மூன்றாம் மாதம் முழுவதும் மதினி பகலில் அந்த வீட்டிலேயே கிடந்தாள். பிள்ளை அழும் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தாலாட்டு கேட்பது போல அந்த அழுகையைக் கேட்டாள்.

நாலாம் மாதம் பிள்ளை குப்புற விழுந்தது.

எங்கள் பக்கம் பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாத மதினிக்கு அந்த மாதிரித் தட்டு எந்த வீட்டிலிருந்தும் வந்ததில்லை. அவள் கண் படக் கூடாதாம். அன்று முதல் தட்டு அவளுக்கு வந்தது. கொண்டுவந்தது அந்த வாய் பெயர் போன மாமியார். தட்டை மதினியின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

மதினி ஒரு கொழுக்கட்டையை எடுத்துப் பிட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாயில் போட்டு மென்றாள்.

"மாவு இம்புட்டு வெள்ளையா இருக்கே. இன்னும் மில்லுல தீட்டிக்கிட்டுத்தான் இருக்காளுவளா? ஏட்டி வடிவு, தட்டப் பிடி."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்த வீட்டுக்குச் சண்டைக்குப் போனாள்.